பயன்படாத காலுக்கு ஓட்டை வேண்டுமா?

ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டை ஓட்டி நிறுத்தும் ஸ்விட்ச்) ஒன்றில் ஐந்து கால். நமக்குத் தேவை நான்கு. ஐந்தாவதை என்ன செய்வது? சர்க்யூட் போர்டு வரைகிறவர்களில் பலர் இதைக் கேட்டுக்கொள்வதே இல்லை. வரையும் மென்பொருளின் லைப்ரரியில் என்ன ஃபுட்பிரின்ட் (கால்களுக்கான ஓட்டை வரைபடம்) இருக்கிறதோ அது அப்படியே போர்டில் வந்து உட்கார்ந்துவிடும். நின்று யோசித்தால் ஐந்து வழி தெரியும். காலை வெட்டிவிட்டு ஓட்டையே போடாமல் விடலாம். செம்பு பூசாத வெறும் ஓட்டையில் காலை நுழைத்து அப்படியே விடலாம். செம்பு பூசிய ஓட்டையும் பேடும் (ஈயம் பிடிக்க ஓட்டையைச் சுற்றி விடும் செம்பு வட்டம்) வைத்து, எதோடும் இணைக்காமல் ஈயம் மட்டும் வைக்கலாம். அந்தப் பேடை கிரவுண்டோடு, அதாவது சுற்றின் பொதுவான மைனஸ் செம்போடு, சேர்க்கலாம். இல்லையென்றால், பின்னால் உதவும் என்று டிராக் (செம்புத் தடம்) இழுத்து வெளியே கொண்டுவந்து வைக்கலாம்.

என் தேர்வு மூன்றாவது. செம்பு பூசிய ஓட்டை, தனியாக நிற்கும் பேடு, அதில் முழுசாக ஈயம். மற்ற நான்குக்கும் இடம் உண்டு, அவற்றையும் சொல்கிறேன். ஆனால் ராமநாதபுரம் கரையோரத்தில் ஓடப்போகிற போர்டு என்றால் அந்த இடங்கள் ரொம்பக் குறைவு.

எந்த மாதிரி போர்டு என்று சொல்லிவிட்டால் பேச்சு எளிதாகும். தொண்டி, தேவிப்பட்டினம் பக்கத்து இறால் பண்ணைகளில், தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டரை நேரத்துக்கு ஓட்டி நிறுத்தும் கன்ட்ரோலர். ராமேஸ்வரம், மண்டபம் விசைப்படகுகளில் அடியில் சேரும் தண்ணீரை இறைக்கும் பம்புக்கான கன்ட்ரோலர். கீழக்கரை, ஏர்வாடி வீடுகளில் மொட்டைமாடித் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் சின்னப் பெட்டி. எல்லாமே பெரும்பாலும் காலுள்ள உதிரிபாகங்களை ஓட்டையில் நுழைத்துக் கையால் ஈயம் வைக்கிற போர்டுகள். தென்மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும்போது மன்னார் வளைகுடாப் பக்கம், வாடை அடிக்கும்போது பாக் நீரிணைப் பக்கம் என்று வருஷம் முழுக்க ஏதோ ஒரு கரையில் உப்பு பறந்துகொண்டே இருக்கும். காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்), அரிப்பை ஆராய மண்டபத்தில் கிளை வைத்திருப்பது சும்மா இல்லை.

போர்டின் மேல் படிகிற உப்பு காய்ந்த பொடியாக இருக்கும்வரை பெரிய தொல்லை கிடையாது. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்க ஆரம்பிக்கும்போதுதான் பிரச்சனை. சுத்தமான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டாலே கரைந்து நீராகிவிடும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் இருப்பதால் அதற்கு முன்பே ஈரம் கோக்கும். நம் ஊரில் ராத்திரி ஈரப்பதம் 75-க்குக் கீழே இறங்குகிற நாட்களை எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். ஆகவே இரண்டு பேடுகளுக்கு நடுவே மெல்லிய உப்புநீர்ப் படலம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டேதான் இங்கே வரைய வேண்டும். அதோடு, இந்த போர்டுகளைப் பழுது பார்க்கப்போவது கம்பெனி சர்வீஸ் சென்டர் அல்ல. துறைமுகத்தை ஒட்டின கடையில் 25 வாட் சால்டரிங் அயர்னோடு உட்கார்ந்திருக்கும் தம்பிதான்.

இனி ரிலே.

கடையில் சுகர் க்யூப் ரிலே என்று கேட்டால் கொடுப்பார்களே, அந்த நீல டப்பா. காயிலுக்கு இரண்டு கால், பிறகு காமன் (பொதுக் கால்), என்ஓ (ஓய்வில் காமனை விட்டு விலகி நிற்பது), என்சி (ஓய்வில் காமனைத் தொட்டு நிற்பது). ஏரேட்டர் மோட்டாருக்குக் கரண்ட் தரும் பெரிய ஸ்விட்சான கான்டாக்டரின் காயிலை ஓட்ட காமனும் என்ஓவும் போதும். என்சி மிச்சம். இந்த மிச்சத்தைச் சும்மா கிடக்கிற கால் என்று நினைப்பதில்தான் எல்லாக் கோளாறும் தொடங்குகிறது. ரிலே ஓய்வில் இருக்கும்போது காமனும் என்சியும் உள்ளே ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். காமனில் 230 வோல்ட் ஃபேஸ் கொடுத்திருந்தால், மோட்டார் ஓடாத நேரமெல்லாம் அந்தப் 'பயன்படாத' காலிலும் ஃபேஸ் நிற்கும். ஒரு நாளில் பாதிக்கு மேல் அது உயிரோடு இருக்கிற கால். அதைப் பழக்கதோஷத்தில் கிரவுண்ட் செம்போடு சேர்த்துவிட்டால், பெட்டிக்கு முதல்முறை கரண்ட் கொடுத்த நொடியிலேயே ஃபியூஸ் போகலாம். ஃபியூஸ் போனால் அதிர்ஷ்டம். போகாவிட்டால் கிரவுண்டோடு சேர்த்து மைக்ரோகன்ட்ரோலர், டிஸ்ப்ளே, சென்சார் ஒயர் எல்லாவற்றிலும் ஃபேஸ் ஏறும். சென்சார் ஒயர் குளத்துத் தண்ணீருக்குள் கிடக்கும்.

சரி, அப்படியானால் அந்தக் காலை வெட்டிவிட்டால் நிம்மதிதானே? இந்த ரிலேயின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். காயிலின் இரண்டு காலும் காமனும் ஒரு முனையில். என்ஓவும் என்சியும் ஏறக்குறைய 12 மி.மீ. தள்ளி மறுமுனையில், ஆளுக்கொரு மூலையில். என்சியை வெட்டினால் அந்த முனை முழுக்க என்ஓ என்கிற ஒற்றைக் காலில் நிற்கும். கரண்ட் முழுவதையும் சுமக்கிறதும் அதே கால்தான். படகில் டீசல் எஞ்சின் ஓடும்போது போர்டு அதிர்கிறது. அதிர்வு ரிலேயை ஆட்டுகிறது. ஆட்டம் மொத்தமும் அந்த ஒரு ஈயப்பற்றில் போய் விழுகிறது.

இதைக் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டால் மீன்பிடித் தடைக்காலம்தான் சரியான நேரம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும். பெயிண்ட், எஞ்சின், ஒயரிங் வேலை எல்லாம் அப்போதுதான் நடக்கும். அப்படி ஒரு தடைக்காலத்தில் என் மேஜைக்கு வந்த பம்பு கன்ட்ரோலர் வெளியூர்த் தயாரிப்பு. வரைந்தவர் என்சி காலுக்கு ஓட்டையே வைக்கவில்லை. ஒருபக்கச் செம்பு மட்டும் உள்ள போர்டு, ரிலேக்களில் ஐந்தாவது காலை நறுக்கியிருந்தார்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் என்ஓ காலைச் சுற்றி ஈயத்தில் மெல்லிய கறுப்பு வளையம். காலை லேசாகத் தொட்டால் வளையத்துக்குள் அது தனியாக ஆடுகிறது. வளையத்தின் ஓரத்தில் போர்டு பழுப்பாகக் கருகி, பேடு பாதி தூக்கிக்கொண்டு நிற்கிறது. விரிசலில் தொடுவதும் விடுவதுமாகப் பொறி பறந்த சூடு அது. பம்பு 'சில நேரம் ஓடும், சில நேரம் ஓடாது' என்று படகுக்காரர் சொன்ன புகாரின் மூலம் அந்த வளையம்தான்.

அந்த போர்டில் ரிலே மாற்றப்போன கடைத் தம்பி போனில் கேட்டதையும் இங்கே சொல்லணும். "அண்ணே, புது ரிலேல அஞ்சு கால் இருக்கு, போர்டுல நாலு ஓட்டைதான் இருக்கு. இத எங்க சொருக?" வெட்டச் சொன்னேன். "வெட்டிட்டா கேரன்டி போயிரும்னு கடைக்காரரு சொல்றாருண்ணே, மடக்கி விட்டுறவா?" மடக்கிவிட்டிருந்தால் அந்தக் கால் ரிலேயின் அடியில் படுத்துப் பக்கத்து டிராக்கைத் தொட்டிருக்கும். முதலில் போர்டு செய்பவர் நூறு ரிலேயின் காலை ஒழுங்காக வெட்டித் தந்துவிடுவார். மூன்று வருஷம் கழித்து ஒரு ரிலேயை மாற்றுகிறவருக்கு முழுக் காலோடுதான் உதிரிபாகம் கிடைக்கும். ஓட்டை வைக்காமல் விட நான் தயங்குவதற்கு இதுவே பெரிய காரணம்.

ஆக ரிலேயின் என்சிக்கு நான் செய்வது: 1.3 மி.மீ. ஓட்டை, 2.5 மி.மீ. பேடு, டிராக் கிடையாது, முழு ஈயம். அது ஃபேஸ் நிற்கும் இடம் என்று கருதி, குறைந்த வோல்ட்டேஜ் பகுதியிலிருந்து காமனுக்கு எவ்வளவு தூரம் விடுகிறேனோ அவ்வளவே இதற்கும். நல்லவேளையாக என்சிக்கும் காயில் காலுக்கும் நடுவே 12 மி.மீ. இருப்பதால் பேடைக் கஞ்சத்தனம் இல்லாமல் பெரிதாக்கலாம். உண்மையில் இந்த ரிலேயின் ஆபத்தான இடம் என்சி அல்ல, காமன்தான். காயில் கால்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு, மையத்துக்கு மையம் 6.3 மி.மீ. அளவில் இருக்கிறது. இரண்டு பக்கமும் 2.5 மி.மீ. பேடு வைத்தால் மிச்சம் 3.8. சர்வதேசத் தரமான ஐஇசி 60664-ன்படி, 250 வோல்ட்டுக்குச் சாதாரண கண்ணாடிநார் போர்டில் அடிப்படைக் காப்புக்கே, அழுக்கும் ஈரமும் சேரும் சூழலில் 4 மி.மீ. மேற்பரப்புத் தூரம் வேண்டும். சுத்தமான அறைக்குள் 2.5 போதும். நம் கரையோரப் பெட்டிகளை முதல் வகையில்தான் சேர்க்கணும். கைபடும் சுற்றைப் பிரிக்கிற இடம் என்றால் இதுவும் இரட்டிப்பாகும். அதனால் காமனைச் சுற்றி போர்டையே அறுத்து ஒரு பிளவு விடுவது இங்கே ஆடம்பரம் இல்லை.

ஒருபக்க போர்டுக்கும் இருபக்க போர்டுக்கும் இந்த விஷயத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. இருபக்க போர்டில் ஓட்டையின் உட்சுவரிலும் செம்பு பூசியிருப்பார்கள், வழக்கமாக 20 முதல் 25 மைக்ரான் கனத்துக்கு. மேல் பேடும் கீழ் பேடும் அந்தச் செம்புக் குழாயால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். டிராக் இல்லாத தனிப் பேடு என்றாலும் லேசில் பெயராது. ஒருபக்க போர்டில் பேடைப் பிடித்திருப்பது வெறும் பசை. டிராக் இருந்தால் அதுவும் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும். தனிப் பேடுக்கு அந்த ஆதரவும் இல்லை. சூடு கொஞ்சம் அதிகமானால் அயர்ன் முனையோடு சேர்ந்தே வந்துவிடும். ஆகவே ஒருபக்க போர்டில்தான் பயன்படாத காலின் பேடு மற்றவற்றைவிடப் பெரியதாக இருக்கவேண்டும். பலர் நேர்மாறாகச் செய்கிறார்கள், 'இணைப்பு இல்லையே, சின்னதாகப் போதும்' என்று. நான் ஒரு படி மேலே போய், பேடை ஒட்டி எங்கும் போகாத ஒரு சின்னச் செம்புத் துண்டை விட்டு, அதை போர்டின் மேல் பூசும் மாஸ்க்கால் மூடிவிடுவேன். ஒட்டும் பரப்பு கூடும், பேடு நிற்கும். துண்டை எந்தப் பக்கம் நீட்டுகிறோம் என்பது முக்கியம். என்சி என்றால் வெளிப்பக்கமாக, என்ஓவுக்கும் காயிலுக்கும் எதிர்த்திசையில்.

இப்போது என் விருப்பத்துக்கு எதிரான வழக்கு ஒன்று. எம்ஓசி3021 என்ற ஆப்டோ டிரையாக், அதாவது ஒளி வழியே சிக்னல் வாங்கி ஏசியை ஓட்டி நிறுத்தும் ஐசி. மோட்டார், ஹீட்டர் வேலைகளில் சகஜமாகப் பார்க்கலாம். ஆறு கால். 3-ம் காலுக்கு உள்ளே எதுவும் இல்லை. 5-ம் கால் அப்படியில்லை. அது சில்லின் அடித்தளத்தோடு சேர்ந்தது, வெளியே எதோடும் இணைக்காதே என்று டேட்டாஷீட் சொல்கிறது. சர்க்யூட் படத்தில் இரண்டு காலுமே ஒரே மாதிரி பெருக்கல் குறியோடு நிற்கும். ஒன்றுக்கு 'என்ன செய்தாலும் சரி', இன்னொன்றுக்கு 'எதுவும் செய்யாதே'. டேட்டாஷீட்டின் கால் அட்டவணையைத் திறக்காமல் இந்த வித்தியாசம் தெரிய வழியில்லை.

3-ம் காலுக்கு வழக்கமான தனிப் பேடு போதும். 5-ம் கால்தான் யோசிக்க வைக்கும். அது 4-க்கும் 6-க்கும் நடுவில் இருக்கிறது. டிரையாக் நிறுத்தத்தில் இருக்கும்போது அந்த இரண்டுக்கும் நடுவே மெயின்ஸ் முழுதும் நிற்கும், உச்சத்தில் 325 வோல்ட். 4-லிருந்து 6 வரை மையத்துக்கு மையம் 5.08 மி.மீ. வழக்கமான 1.6 மி.மீ. வட்டப் பேடு வைத்தால் இரண்டு பேடுகளுக்கு நடுவே 3.48 மிஞ்சும். நடுவில் 5-ம் காலுக்கும் அதே பேடு வைத்தால், உப்புப்படலம் தாண்டவேண்டிய தூரத்தில் 1.6 மி.மீ. உலோகமாகிவிடுகிறது. மிச்சம் 1.88, அதுவும் இரண்டு துண்டாக, ஒவ்வொன்றும் ஒரு மி.மீ.க்கும் குறைவு. ஏசி அறையில் இது ஓடும். குளத்தங்கரைப் பெட்டியில் இதை நான் நம்பமாட்டேன்.

இங்கே இரண்டு வழி. 5-ம் காலுக்கு மட்டும் 0.8 மி.மீ. வெறும் ஓட்டை, செம்பும் இல்லை, ஈயமும் இல்லை. தூரம் 1.88-லிருந்து 2.68 ஆகிறது. அல்லது 4, 5, 6 மூன்றுக்கும் பேடைக் குறுக்கே ஒடுக்கி, 1.2 மி.மீ. அகலமும் வெளிப்பக்கம் நீளமுமாக நீள்வட்டமாக்குவது. கணக்குப் போட்டால் அதிலும் வருவது அதே 2.68. தூரம் சமம் என்றால் ஈயப்பிடிப்பு இருக்கிற நீள்வட்டத்தைத்தான் நான் எடுப்பேன். ஒருபக்க போர்டு என்றால் ஓரத்தில் 0.2 மி.மீ. வளையமே மிஞ்சுவதால், நீளத்தை 2.5 வரைக்கும் இழுக்கவேண்டும். இன்னும் நல்லது, இரண்டையும் விட்டுவிட்டு நடுக்காலே இல்லாத நான்குகால் ஆப்டோ டிரையாக் வாங்குவது, கிடைத்தால்.

வெறும் ஓட்டைக்கு ஆதரவாக வழக்கமாகச் சொல்லப்படுவது, 'செம்பு இல்லை, அதனால் அரிப்பும் இல்லை' என்பது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் காலும் உலோகம்தானே? ஈயம் மூடாத கால், ஓட்டைக்குள் ஒரு இடுக்கோடு நிற்கிறது. இடுக்கில் ஈரம் ஏறும், சீக்கிரம் காயாது. டிரில் அறுத்த கண்ணாடிநார்களின் வெட்டுமுனை ஓட்டைச் சுவரில் அப்படியே தெரிவதால் போர்டும் ஈரத்தை உறிஞ்சும். மேலே அடிக்கிற பாதுகாப்பு வார்னிஷ் அந்த இடுக்கின் வழியே ஒழுகி மறுபக்கம் போய்விடும், காலைச் சுற்றிப் படலம் நிற்காது. செம்பு பூசி ஈயம் நிரப்பிய ஓட்டையில் இந்த இடுக்கே கிடையாது. காசு மிச்சமாகுமா என்றால் அதுவும் இல்லை. இருபக்க போர்டில் செம்பு பூசாத ஓட்டைதான் தயாரிப்பாளருக்குக் கூடுதல் வேலை. பூச்சு முடிந்தபின் தனியாகத் துளையிட வேண்டும், அல்லது பூச்சு ஏறாமல் மூடி வைக்க வேண்டும். வெறும் ஓட்டையை பிளாஸ்டிக் குமிழுக்கும் ஸ்க்ரூவுக்கும் வைத்துக்கொள்ளலாம். உலோகக் காலுக்கு, மேலே சொன்ன மாதிரி தூரத்துக்காகத் திண்டாடும் இடத்தில் மட்டும்.

தூரத்துக்காகக் காலையே எடுத்துவிடுவதும் உண்டு. அதைக் கருவி செய்பவர்களே செய்கிறார்கள். டைனிஸ்விட்ச் வகை பவர் சப்ளை ஐசியின் எட்டுக்கால் உடலில் ஒரு கால் பிறவியிலேயே இருக்காது. டிரெயின் காலில் நூற்றுக்கணக்கான வோல்ட் ஏறும், அதன் பக்கத்துக் காலை எடுத்து இடம் விட்டிருக்கிறார்கள். எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்சிங் பவர் சப்ளை) டிரான்ஸ்ஃபார்மரின் கம்பி சுற்றும் பாபினிலும் மிச்சக் காலை உருவிவிடுவார்கள். அதில் இன்னொரு லாபம், திருப்பி மாட்ட முடியாது. இங்கெல்லாம் போர்டிலும் ஓட்டை வேண்டாம், நிச்சயமாக வேண்டாம். மாற்று உதிரிபாகமும் கால் இல்லாமலே வரும் என்பதால் கடைத் தம்பிக்கும் குழப்பம் இல்லை. மெயின்ஸ் வரும் ஸ்க்ரூ டெர்மினலிலும் இதைச் செய்கிறேன். 5.08 மி.மீ. இடைவெளியில் மூன்று வாய் உள்ளதை வாங்கி, ஃபேஸ் ஒரு ஓரம், நியூட்ரல் மறு ஓரம், நடுவாய்க்குக் காலும் இல்லை ஓட்டையும் இல்லை. அதை மாற்றும்போது மட்டும் காலை உருவணும். ஸ்க்ரூ டெர்மினலில் அது நகவெட்டி வேலை.

கிரவுண்டோடு சேர்ப்பதைப் பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையானது. 'சந்தேகமா, கிரவுண்டில் போடு' என்பது எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்களிடம் ஊறிப்போன பழக்கம். ரிலேயில் அது ஷார்ட், எம்ஓசி3021-ல் உயிராபத்து. உள்ளே எதுவும் இல்லாத காலில்கூட அதனால் வருவது பழுது பார்க்கும்போது தலைவலிதான். பரந்த கிரவுண்ட் செம்போடு ஒட்டிய பேடு சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். 25 வாட் அயர்ன் அங்கே திணறும். தம்பி அழுத்துவார், இழுப்பார், கடைசியில் பேடும் வரும். எட்டுக்கால் ஐசியை எடுக்கும்போது ஏழு கால் கழன்று ஒன்று மட்டும் பிடித்துக்கொண்டால், அது பெரும்பாலும் கிரவுண்ட் கால்தான். தேவையில்லாமல் இன்னொரு கிரவுண்ட் காலை எதற்கு உண்டாக்குவது? சேர்த்தே ஆகவேண்டும் என்றால் நான்கு மெல்லிய செம்புக் கம்பிகளால் மட்டும் இணைக்கிற தெர்மல் அமைப்பில், கம்பி 0.4 மி.மீ. போல.

ஆனால் உள்ளீட்டுக் கால்கள் வேறு. அவற்றைத் தனியாக விடக்கூடாது. சிடி4011 போன்ற சிமாஸ் (உள்ளீட்டில் மிகக் குறைந்த கரண்டே எடுக்கும் வகை) லாஜிக் ஐசியில் நான்கு கேட் இருக்கும், நாம் மூன்றைப் பயன்படுத்துவோம். நான்காவதின் உள்ளீடுகள் அந்தரத்தில் நின்றால் அந்த கேட் தானாக மேலும் கீழும் ஆடிக் கரண்டைத் தின்னும், சில சமயம் பக்கத்து கேட்டுக்கும் இரைச்சல் சிக்னலைக் கொடுக்கும். இதைப் பாடப்புத்தகமும் சொல்லும். கரையோரத்தில் இதன் தீவிரம் கூடுதல். சப்ளை 12 வோல்ட், பக்கத்துக் காலுக்கு நடுவே உப்புப்படலத்தின் ரெசிஸ்டன்ஸ் 10 மெகாஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1.2 மைக்ரோஆம்பியர் ஓடும். சிமாஸ் உள்ளீட்டுக்குத் தேவையான கரண்டோடு பார்த்தால் இது வெள்ளம். வெயில் வந்தால் சரியாகும், ராத்திரி ஆனால் பைத்தியம் பிடிக்கும் என்று வருகிற போர்டுகளில் முதலில் நான் பார்ப்பது மிதக்கிற உள்ளீடுகளைத்தான். பயன்படாத உள்ளீட்டைச் சப்ளையிலோ கிரவுண்டிலோ கட்டுங்கள், எது கைக்கெட்டுகிறதோ அதில். வெளியீட்டுக் காலை எதிலும் கட்டாதீர்கள், அதற்குத் தனிப் பேடு.

எல்எம்358 ஐசியில் இரண்டு ஆம்ப்ளிஃபயர் இருந்து ஒன்று மிஞ்சினால், வெளியீட்டை மைனஸ் உள்ளீட்டோடு இணைத்து, பிளஸ் உள்ளீட்டைச் சப்ளையில் பாதி மாதிரி ஒரு நிலையான வோல்ட்டேஜில் வையுங்கள். கிரவுண்டில் நேரடியாகக் கட்டி வைப்பவர்களும் உண்டு, பெரிதாக எதுவும் கெடாது. ரிலேக்களை ஓட்டும் யுஎல்என்2003 ஐசியின் மிச்ச சேனல்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், உள்ளேயே ரெசிஸ்டர் இருக்கிறது. 4என்35 என்ற ஆறுகால் ஆப்டோகப்ளரின் பேஸ் கால் ஒரு ஆன்டெனா மாதிரி. பேடைச் சின்னதாக வைத்து டிராக் இழுக்காமல் விடுங்கள். வேகம் தேவையில்லாத இடத்தில் பேசாமல் நான்குகால் பிசி817 போடுங்கள், அந்தக் காலே இருக்காது.

படகு போர்டுகளில் கூடுதலாக ஒன்று. அங்கே ஓடுவது 12 அல்லது 24 வோல்ட் டிசி. ஷாக் அடிக்காது என்பதால் தூரத்தை யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் செம்பும் ஈயமும் உப்புநீரில் கரைந்து ஒரு பேடிலிருந்து இன்னொன்றுக்கு வேர்விட்டு வளர்வதற்கு ஒரே திசையில் நிற்கிற டிசிதான் வசதி, ஏசியில் திசை மாறிக்கொண்டே இருப்பதால் அந்த வளர்ச்சி மட்டுப்படும். எந்த வோல்ட்டேஜும் இல்லாத தனிப் பேடு, பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் நடுவில் நின்றால் அந்த வேருக்கு ஒரு திண்ணை கிடைத்த மாதிரி, இளைப்பாறி இளைப்பாறித் தாண்டிவிடும். ஆகவே கனெக்டரில் நடுக்கால் மிச்சம் என்றால், அதைப் பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் நடுவில் விடாமல், ஓரத்துக் கால் மிச்சமாகிற மாதிரி ஒயர் வரிசையை மாற்றிவிடுங்கள். வரையும்போது இதற்குச் செலவு ஒன்றுமில்லை.

ஐந்தாவது வழி, வெளியே கொண்டுவருவது. இது மைக்ரோகன்ட்ரோலருக்கு மட்டும் பொருந்தும். ஏடிமெகா328-ல் பத்துக் கால் மிஞ்சும். பண்ணைக்காரர் அடுத்த போகத்துக்கு 'ஆக்ஸிஜன் மீட்டர் ஒண்ணு சேர்க்க முடியுமா?' என்பார். அப்போது ஒரு காலாவது வெளியே இருந்தால் புது போர்டு வேண்டாம். எனவே சிலதைக் கொண்டுவருவேன், எல்லாவற்றையும் அல்ல. அனலாக் ஒன்று, டிஜிட்டல் இரண்டு, ஒவ்வொன்றிலும் வரிசையில் ஒரு கிலோஓம், கூடவே 5 வோல்ட்டும் கிரவுண்டும். அந்த ஓட்டைகளை ஈயம் போட்டு அடைத்துவிடுவேன். காலியாகத் திறந்து கிடக்கும் செம்பு ஓட்டை ஒரே மழைக்காலத்தில் பச்சை பூத்துவிடும், தேவைப்படும்போது ஈயம் ஒட்டாது. வெளியே வராத கால்களுக்குத் தனிப் பேடு, புரோகிராமில் அவற்றை வெளியீடாக்கித் தாழ்நிலையில் வைத்துவிடுவது. உள்ளீடாகவே விட்டால் சிமாஸ் கதைதான். இஎஸ்பி32 மாட்யூல் போடுகிறவர்கள் ஜிபிஐஓ 6 முதல் 11 வரையுள்ள கால்களைத் தொடக்கூடாது, அவை உள்ளே ஃப்ளாஷ் மெமரிக்குப் போகின்றன. அந்த இடங்களிலும் ஈயம் மட்டும் வைத்து விடுங்கள், மாட்யூல் உறுதியாக நிற்கும்.

டேக்ட் ஸ்விட்ச் என்கிற சின்ன அழுத்துப் பொத்தானுக்கு நான்கு கால், இரண்டிரண்டாக உள்ளே இணைந்திருக்கும். நான்கிலும் ஈயம் வையுங்கள், விரல் அழுத்துகிற பொருள் அது. ஒருபக்க போர்டில் அந்த ஜோடிக் கால் இன்னொரு டிராக்கைத் தாண்டிப் போக இலவச ஜம்பராகவும் உதவும்.

அளவுகளில் பெரிய ரகசியம் எதுவும் கிடையாது. காலின் குறுக்களவுக்கு மேல் 0.2 முதல் 0.3 மி.மீ. விட்டு ஓட்டை. பயன்படும் கால், படாத கால் இரண்டுக்கும் ஒரே ஓட்டை. பயன்படாததுதானே என்று இறுக்கமாக வைத்தால் மொத்த ஐசியும் அந்த ஒரு காலில் சிக்கி நிற்கும். கிகேட் மென்பொருளில் வரைகிறவர்கள் சர்க்யூட் படத்தில் அந்தக் காலில் பெருக்கல் குறி போட மறக்கவேண்டாம். போட்டால்தான் 'தெரிந்தே விட்டது' என்று சோதனையில் தள்ளிவிடும். போடாமல் வரும் எச்சரிக்கைகளைக் கண்ணை மூடிக்கொண்டு தள்ளிப் பழகினால், உண்மையில் மறந்துபோன இணைப்பும் அதோடு போய்விடும். பேடு வகையை வெறும் ஓட்டையாக மாற்றுவதானால் லைப்ரரியில் உள்ள மூலத்தைத் தொடாமல் நகல் எடுத்து மாற்றுங்கள். இல்லாவிட்டால் அடுத்த போர்டில் அதே கால் பயன்படும்போது பேடு இருக்காது.

கடைசியாக வார்னிஷ். எபாக்ஸி ஊற்றி மூடினால் உப்பு ஏறாது, பழுதும் பார்க்க முடியாது. சிலிகானை நன்றாகச் சுரண்டி எடுக்காமல் ஈயம் பிடிக்காது. அக்ரிலிக் மேல் நேராக அயர்னை வைத்தே ஈயத்தை உருக்கலாம், புகை வரும், ஜன்னலைத் திறந்துகொள்ளணும். கரையோரக் கடைகளை நினைத்து நான் அக்ரிலிக் அடிக்கிறேன். அடிக்கும் முன், ஈயம் வைத்தபோது மிஞ்சிய ஃப்ளக்ஸை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் கழுவுவது முக்கியம், பயன்படாத கால்களைச் சுற்றியும் சேர்த்து. அங்கே தேய்க்க யாருக்கும் தோன்றுவதில்லை.

போர்டில் எழுத்து அச்சிட இடம் இருந்தால், ரிலேயின் என்சி பக்கத்தில் ஒரு சின்ன மின்னல் குறி போடுங்கள். எம்ஓசியின் 5-ம் கால் பக்கத்தில் 'இணைக்காதே' என்று தமிழிலேயே எழுதலாம், எழுத்து உயரம் 1.5 மி.மீ.க்குக் குறையாமல். அதற்கும் கீழே போனால் கொம்பும் சுழியும் அச்சில் அடைத்துக்கொள்ளும்.